நீந்தத் தெரியாத ஓட்டக்காரர்

(தோட்ட விளையாட்டு விழாவன்று வாலிபர் கழகத்தினர் மத்தியில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையிலிருந்து வெயிலில் நிற்கிறீங்க. கயிறிழுத்தலும் முடிஞ்சு போச்சு. பரிசு கொடுக்க முன்னால பத்து நிமிஷம் எங்களுக்குத் தந்திருக்காங்க. தலைமன்னாரில் எங்களுக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். அதில் எங்கள் பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

ட்ரையத்லன் என்றொரு போட்டி. முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. 1978 இல் ஹவாய்த் தீவுகளில், நீந்துறவன் பலசாலியா, ஓடுறவன் பலசாலியா, சைக்கிள்காரன் பலசாலியா என்று எழுந்த வாக்குவாதம் பெரிய போட்டியாக மாறியது. 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். ஆசைக்காக விளையாடியவர்கள். 2000 ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கிலும் இது சேர்ந்துவிட்டது. அங்கே 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம்.

இதைக் கேள்விப்பட்ட நம் வாலிபர்கள் எட்டுப் பேர், "நாங்களும் செஞ்சு பார்க்கணும் ஐயா" என்று ஆபீசுக்கு வந்தார்கள். அதில் ஒரு தம்பி ஸ்டோரில் வேலை. ஓட்டத்தில் அவரை முந்த இந்த டிவிசனில் ஆளில்லை. எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. வேன் பிடித்து, சைக்கிள்களைக் கூரையில் கட்டிக்கொண்டு தலைமன்னார் போனோம். போட்டி என்று பெயர் வைக்கவில்லை. கரையோரமாக 300 மீற்றர் நீச்சல், பேசாலை வரை சைக்கிளில் போய்த் திரும்புதல், பிறகு 5 கிலோமீற்றர் ஓட்டம். இதுதான் திட்டம்.

"நீந்தத் தெரியுமா?" என்று கேட்டோம். "தெரியும் ஐயா" என்றார்கள் எட்டுப் பேரும். எங்கே பழகினீங்க என்று நாங்கள் கேட்கவில்லை. அதுதான் எங்கள் பிழை. ஸ்டோருக்குக் கீழே ஆற்றுக் கிடங்கில், கால் எட்டும் இடத்தில் கை அடித்துப் பழகியதைத்தான் நீச்சல் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஸ்டோர்த் தம்பி எல்லாருக்கும் முன்னால் பாய்ந்தார். ஐம்பது மீற்றர் கூடப் போகவில்லை. அலை ஒன்று முகத்தில் அடித்தது, தண்ணீரைக் குடித்துவிட்டார். பயத்தில் தலையை மேலே தூக்க, கால் கீழே இழுத்தது. கை இரண்டும் காற்றில் அடிக்குது. துணைக்குப் படகில் வந்த மீனவ அண்ணன் சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டிராவிட்டால், இன்றைக்கு நாங்கள் இந்த மைக்குக்கு முன்னால் நின்றிருக்க மாட்டோம். கரைக்கு வந்ததும் அவர் எங்களைப் பார்த்து, "சேர், இந்தப் பொடியனை ஆர் கடலில இறங்கச் சொன்னது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மற்ற ஏழு பேரையும் உடனே கரையேற்றினோம். அந்தத் தம்பி மணலில் அரை மணி நேரம் பேசாமல் இருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் எழும்பிச் சைக்கிளை எடுத்தார். மேடே இல்லாத றோட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் எதிர்காற்றைக் கண்டதும் வாய் மூடினார்கள். ஏற்றமென்றால் உச்சியோடு முடியும், அந்தக் காற்று முடியவே இல்லை. சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் வேறு ஆளுடைய கால் மாதிரி இருக்கும். அதோடும் ஓடி முதலாவதாக வந்தார் அந்தத் தம்பி. வந்து சொன்னார்: "ஏத்தத்துல என் மூச்சு நான் சொன்னபடி கேக்குது ஐயா. தண்ணியில கேக்கல."

இந்தப் போட்டியில் நீச்சலை ஏன் முதலில் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. களைத்தவன் றோட்டில் விழுந்தால் முழங்கால் உரியும். தண்ணீரில் களைத்தால் ஆளே இல்லை.

அன்று பின்னேரம் படகுக்கார அண்ணன் கடலைக் காட்டிக் கதை சொன்னார். எதிர்க்கரை தனுஷ்கோடி, 30 கிலோமீற்றர் அளவு. நடுவில் மணல் தீடைகள். தீடைகளுக்கு இடையில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். வாடைக்காற்று ஓய்ந்து சோழகம் தொடங்க முன்னால், மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் நீச்சல்காரர் இறங்குவார்களாம்.

வங்காளத்துக்காரர் மிஹிர் சென் 1966 ஏப்ரல் 5 ஆம் திகதி தலைமன்னாரில் இறங்கினார். மறுநாள்தான் அக்கரை சேர்ந்தார். 25 மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரிலேயே! துணைக்கு இந்தியக் கடற்படை வந்தது. அவர் தொழிலால் வழக்கறிஞர். லண்டனில் சட்டம் படிக்கப் போன வாலிப வயதில்தான் அவர் ஒழுங்காக நீந்தக் கற்றார். ஆங்கிலக் கால்வாயில் பல தடவை தோற்று, 1958 செப்டம்பர் 27 இல்தான் வென்றார். "வயசு போச்சு, இனி எங்க பழகுறது" என்று சொல்லும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டு வல்வெட்டித்துறை ஆனந்தன், அவரும் வழக்கறிஞர்தான், 1971 இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். 51 மணி நேரம். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். அப்படிப்பட்ட வீரரும் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரை விட்டார். தண்ணீர் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

அம்மாமார் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்" என்று கேட்பது எங்கள் காதில் விழுகிறது. 2022 மார்ச் 20 இல் இதே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திய மும்பை ஜியா ராய்க்கு அப்போது 13 வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. எடுத்த நேரம் 13 மணி 10 நிமிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் வந்திறங்கிய கரை அது. கோப்பிக் காலத்தில் அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர் எத்தனையோ பேர். 2023 இல் ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை அந்தப் பாதையில் நம் மக்கள் மறுபடி நடந்தார்கள். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தங்கள் கப்பல் ஏறியதும் அதே கரையில்தான். நடை நம் இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடலைத் தாண்டியவர்களுக்கு நீந்தத் தெரிந்திருக்கத் தேவையில்லை, படகு இருந்தது. நமக்கோ லயத்துக்குக் கீழேயே ஆறும் நீர்த்தேக்கமும். லீவு நாளில் குளிக்கப் போன பிள்ளை வராமல், நாங்களும் பெற்றவர்களும் கரையில் விடியும்வரை நின்ற இரவு எங்களுக்கு மறக்காது. கடலில் உப்பாவது கொஞ்சம் ஆளைத் தூக்கிக் கொடுக்கும். நல்ல தண்ணீர் அவ்வளவு தாங்காது. நம் மலைத் தண்ணீரில் குளிர் வேறு, கை கால் சீக்கிரம் விறைத்துப் போகும்.

ஆகவே தனியாகக் குளிக்கப் போகாதீங்க. சாராயம் குடித்துவிட்டு இறங்கவே கூடாது. ஒருவர் தத்தளித்தால் பின்னால் குதிக்காதீங்க. அவர் உங்களையும் கட்டிப் பிடித்து அமுக்கிவிடுவார். கயிறு, நீளக் கம்பு, சேலை, மூடி இறுக்கிய வெறும் கேன், கையில் அகப்பட்டதை எறியுங்கள். மிதக்கப் பழகுவதுதான் முதல் பாடம். மல்லாந்து படுத்து, காதுவரை தண்ணீரில் விட்டு, மூச்சை அமைதியாக விட வேண்டும். கை அடிப்பது பிறகு.

டவுன் நீச்சல் தடாகத்தில் ஞாயிறு காலையில் பழக்க ஒரு மாஸ்டர் சம்மதித்திருக்கிறார். நான்கு மாதமாக அந்த ஸ்டோர்த் தம்பி போகிறார். முதல் மூன்று கிழமை தலையைத் தண்ணீரில் வைக்கவே மாட்டேன் என்றவர், இப்போது நிற்காமல் நூறு மீற்றர் போகிறார். மூச்சு கேட்கத் தொடங்கியிருக்கிறது என்றார். தங்கச்சியையும் கூட்டிப் போகிறார். அவங்க அம்மா கொழுந்து மலையில் ஆறு நாள் நின்றுவிட்டு ஞாயிறும் குடையோடு வந்து தடாகக் கரையில் உட்கார்ந்திருக்கிறாங்க. பயம் இன்னும் போகல்லையாம், ஆனாலும் வரத்தான் செய்வாங்களாம்.

வேனில் இன்னும் பத்துப் பேருக்கு இடமிருக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போடும் படிவம் பிள்ளைக் காம்பராவில் இருக்கு. பெரட்டுக் களத்திலும் கேட்டு வாங்கலாம். வெள்ளிக்கிழமைக்கு முன் கொடுத்துவிடுங்க.