மார்க்கும் முகமும்: வளரிளம் பருவத்தார் தம்மை அளக்கும் விதம்



பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் தம் படிப்பையும் தம் தோற்றத்தையும் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது இக்கருத்தரங்கின் பொருள். படிப்பு ஒரு துறை, தோற்றம் வேறு துறை, இரண்டையும் ஏன் சேர்த்தீர்கள் என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். பிள்ளையின் மனத்தில் இரண்டுக்கும் தீர்ப்பு எழுதப்படுவது பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான். அதனால்தான் சேர்த்தோம்.

அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் தம்மை அடுத்தவரோடு ஒப்பிட்டே அறிகிறார் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். பள்ளிக்கூடத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை 1984-இல் ஆஸ்திரேலியாவில் ஹெர்பர்ட் மார்ஷும் ஜான் பார்க்கரும் காட்டினார்கள். ஒரே திறமையுள்ள இரு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தம்மைக் குறைவாக எடைபோடுகிறார். சாதாரணப் பள்ளியில் படிப்பவர் உயர்வாக எடைபோடுகிறார்.

இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. நம் பம்மலிலோ செம்பாக்கத்திலோ பத்தாம் வகுப்பில் பள்ளி முதலாக வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மார்க் பார்த்துச் சேர்க்கும் பெரிய பள்ளியில் பிளஸ் ஒன் சேர்கிறாள். அங்கே அவள் வகுப்பில் எல்லோருமே ஏதோ ஒரு பள்ளியின் முதல் மாணவர்கள். காலாண்டுத் தேர்வில் முப்பதாம் இடத்துக்குப் போகிறாள். ஜூன் மாதம் தெரிந்த கணக்கு செப்டம்பரிலும் அவளுக்குத் தெரியும், கூடுதலாகவே தெரியும். ஆனாலும் வீட்டில் வந்து, "நான் சுமாராத்தாம்மா படிப்பேன்" என்கிறாள். கை உயர்த்திச் சந்தேகம் கேட்பதை நிறுத்துகிறாள். மருத்துவம் என்றிருந்த பேச்சு, ஏதாவது ஒரு டிகிரி என்று ஆகிவிடுகிறது. நல்ல பள்ளியில் இடம் கிடைத்ததே அவளை இப்படிச் சுருக்கியது என்பது பெற்றோருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. அதை நான் மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் பள்ளி வாசல் ஃப்ளெக்ஸில் ரேங்க் இன்னும் நிற்கிறது. மார்க் வாரியாகப் பிள்ளைகளை ஏ செக்‌ஷன், டி செக்‌ஷன் என்று பிரிக்கும் பள்ளிகளில் அது வகுப்பின் பெயராகவே ஆகிவிட்டது. டி செக்‌ஷன் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய தகவல் ஒவ்வொரு நாளும் காலை வருகைப் பதிவிலேயே கிடைத்துவிடுகிறது.

மார்ஷ் 1986-இல் இன்னொன்றும் சொன்னார். பிள்ளை தன் ஒரு பாடத்தைத் தன் மற்றொரு பாடத்தோடும் ஒப்பிடுகிறது. தமிழில் 95, கணக்கில் 82 எடுக்கும் பையன், வகுப்புச் சராசரி 60 என்றாலும், "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவுகட்டுகிறான். ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தோற்றத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள அனுமதி தாருங்கள்.

உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் வளரிளம் பருவத்தினருக்கென்று அமைத்த அளவுகோலில் படிப்பு, நட்பு, விளையாட்டு, நடத்தை, தோற்றம் என்று எட்டுத் துறைகள் உண்டு. மொத்தத்தில் தன்னை ஒரு மதிப்புள்ள ஆளாக நினைக்கிறாரா என்பது தனி. அந்த மொத்த மதிப்போடு மிக நெருங்கிப் பிணைந்திருப்பது எது? படிப்பு என்றுதான் நம் பெற்றோர் சொல்வார்கள். பல நாடுகளில், திரும்பத் திரும்ப, தோற்றம் என்றே விடை வந்திருக்கிறது. வீடு முழுவதும் மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை கண்ணாடி முன் தன் பருவையும் நிறத்தையும் பற்றித் தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறது.

என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுமார் 3.79 லட்சம் மாணவரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 73 சதவீதத்தினர் பள்ளி வாழ்க்கை திருப்தி என்றார்கள். தம் உடல் தோற்றத்தில் திருப்தி இல்லை என்றவர்கள் 45 சதவீதம். பள்ளி பிடித்திருக்கிறது, தன்னைப் பிடிக்கவில்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கருவாச்சி, குண்டு, ஒல்லிப்பிச்சான், பல்லன். நம் வீடுகளில் இவை செல்லப் பெயர்கள், சொல்பவருக்கு மட்டும். கல்யாண வீட்டில் அத்தை, "என்னடி இப்படிக் கறுத்துட்ட?" என்று கேட்கிறார். வெயிலில் வாலிபால் ஆடிய பெண் அடுத்த வாரம் மைதானத்துக்கு வருவதில்லை. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 2020-இல்தான் தன் பெயரிலிருந்து சிவப்பழகை நீக்கியது. நாற்பத்தைந்து ஆண்டு! அந்த விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் இன்றைய அம்மாக்கள். கறுப்பும் அழகே என்ற இயக்கத்தை 2009-இல் தொடங்கியது சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு என்பதை இந்த அவையில் நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

இந்த ஒப்பீடு நடக்கும் இடமான நம் தாம்பரம் புறநகரைப் பற்றி ஒரு சொல். 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. விமானப்படைக் குடும்பங்கள், ரயில்வே குடும்பங்கள், ஓ.எம்.ஆர். கணினி ஊழியர்கள், ஒரகடம் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், கட்டட வேலைக்கு வந்த வட மாநிலத்தவர் எல்லோர் பிள்ளைகளும் இங்கே வளர்கிறார்கள். ஒரே வகுப்பில் இத்தனை நிறம், இத்தனை உயரம், இத்தனை ஆங்கிலம். ஒப்பிடுவதற்கு இவ்வளவு ஆட்கள் ஒரு கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. கைப்பேசியில் ஃபில்டர் போட்டு வரும் முகங்கள் அதற்கும் மேலே. ஆகவே இங்கே பெருங்களத்தூரில் எடுத்த தரவை மதுராந்தகத்துக்குப் பொருத்திவிடாதீர்கள்.

ஆய்வு மாணவர்களிடம் எனக்கு உரிமையோடு கேட்க மூன்று வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, ஹார்ட்டரின் வினாக்கள், "சில பிள்ளைகள் இப்படி, வேறு சிலர் அப்படி, நீ யாரைப் போல?" என்ற அமைப்பு கொண்டவை. கூச்சமில்லாமல் பதில் சொல்ல வைக்கும் அருமையான அமைப்பு. தமிழில் மொழிபெயர்க்கும்போது வாக்கியம் நான்கு வரிக்கு நீண்டு, பிள்ளை இடப்பக்கமே டிக் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பிள்ளைகள் பேசும் தமிழில் எழுதி, முதலில் பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, மொத்தத் தன்மதிப்பு என்று ஒரே எண்ணைக் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள்; படிப்பில் உயர்ந்து தோற்றத்தில் தாழ்ந்த பிள்ளை அந்த ஒரே எண்ணில் காணாமல் போகிறது.

மூன்றாவது, முடிவுகளை எந்தப் பள்ளியில் தரவு எடுத்தீர்களோ அந்தப் பள்ளி ஆசிரியர் அறையில் போய்ச் சொல்லுங்கள், தமிழில், அரை மணி நேரத்தில். இன்று பிற்பகல் அமர்வை ஆசிரியர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். செக்‌ஷன் பிரிப்பதைப் பற்றி அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். இப்போது முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.