நருமதைக் கரையில் ஓர் இரவு



பயண அனுபவம் ஒன்றைக் கூறுமாறு செயலாளர் பணித்தார். இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் எனக்கு நிறுத்தம் என்பது இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கால அட்டவணையில் அச்சிட்ட ஒன்று. மோட்டார் சைக்கிளுக்கோ அட்டவணை கிடையாது. மனம் விரும்பிய ஊரில் நிற்கலாம். அவ்வாறு நின்ற ஊர் மகேசுவர்.

சென்ற குளிர்காலத்தில் நானும் அலுவலக நண்பர் ஒருவரும் இந்தூரிலிருந்து நாசிக்குக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலை விந்திய மலைச் சரிவில் இறங்கித் தாம்னோது என்னும் ஊரை அடைகிறது. அங்கிருந்து கிளைச்சாலையில் திரும்பினால் அரை மணிக்குள் மகேசுவர் வந்துவிடும். இரயில் இன்னும் எட்டாத ஊர் அது. பகலுணவு முடித்துக் கிளம்புவதாகத்தான் திட்டம். ஆற்றைக் கண்டதும் நண்பர் தலைக்கவசத்தைக் கழற்றிப் படியில் வைத்தார். அன்று அதை மீண்டும் எடுக்கவே இல்லை!

அமரகண்டகத்தில் பிறந்து, ஏறத்தாழ 1,312 கிலோ மீட்டர் மேற்கு நோக்கி ஓடி, அரபிக் கடலிற் கலக்கும் ஆறு நருமதை. கிழக்கு நோக்கிச் செல்லும் காவிரியைக் கண்டு வளர்ந்த நமக்கு, ஆறும் கதிரவனும் ஒரே திசையிற் செல்லும் மாலைக் காட்சி புதுமையானது. அகன்ற கற்படிகள், அவற்றின்மேல் உயர்ந்த கோட்டை, ஆற்றின் நடுவே ஒரு சிறு சிவன் கோயில். நதியை வலப்புறமாகக் கொண்டு வலம் வரும் அடியார் சிலர் படியில் அமர்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தனர். குளிர்ந்த நீரில் கால்களை நனைத்ததும், நாள் முழுதும் வண்டி குலுக்கிய அலுப்பெல்லாம் நீங்கிற்று.

1767 முதல் 1795 வரை அகல்யாபாய் ஓல்கர் இவ்வூரிலிருந்து ஆட்சி புரிந்தார். கணவரையும் மைந்தரையும் இழந்த அவ்வம்மையார், காசி விசுவநாதர் ஆலயத்தை மீண்டும் எழுப்பினார். ஆயினும் அவர் வாழ்ந்த மாளிகை எளிமையானதே. வெளியூர்களிலிருந்து நெசவாளரை அழைத்துவந்து இங்கே குடியமர்த்தியவரும் அவரே.

மறுநாட் காலை, அவலும் ஜிலேபியும் உண்டபின் ஒரு தறிக்கூடத்திற்குச் சென்றோம். பட்டுப் பாவில் பருத்தி ஊடை ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைச் சுவரிற் செதுக்கிய கோலங்கள் சேலைக் கரையில் இழைகளாய் மாறியிருந்தன. முதியவர் ஒருவர், "எந்த ஊர், ஐயா?" என வினவினார். "தமிழ்நாடு. ஆனால் இப்பக்கம் வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன" என்றேன். அவர் சிரித்தார். "நாங்களும் வந்தவர்கள்தாம், 250 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எங்களை எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. சேலையைப் பார்த்தே மகேசுவர் என்று சொல்லிவிடுகிறார்கள்" என்றார்.

அன்பர்களே, நாசிக் சென்று சேரும்வரை அம்மொழி என் செவியை விட்டு நீங்கவில்லை. மதுரையில் குடியேறிய சௌராட்டிர நெசவாளரின் சுங்குடி இன்று மதுரையின் பெருமையன்றோ? கைத்தொழிலையும் வீட்டுமொழியையும் விடாமல், வந்த மண்ணின் அழகையும் தம் தறியில் ஏற்றியவர்கள் அவர்கள். நம்மில் பலருக்கோ, குடியிருப்பு, அலுவலகம், ஊருக்குச் செல்லும் இரயில் ஆகிய மூன்றுக்குள் ஆண்டுகள் கழிகின்றன. வழியிலுள்ள ஆறுகளைச் சன்னல் வழியே பார்த்து, காசு எறிந்து, கடந்துவிடுகிறோம்.

இம்மண் நமக்குச் சோறு இடுகிறது. நம் பிள்ளைகளுக்கோ இதுவே பிறந்த மண். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களுடன் அருகிலுள்ள ஓர் ஆற்றங்கரை ஊரில் ஓரிரவு தங்குங்கள். அவ்வூரின் கதையை நம் தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். தமிழும் வளரும், வந்த நிலமும் சொந்தமாகும்.