ஒன்பது வோல்ட் கொடுத்தால் ஒன்பதும் வெளியே வருமா?



தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும் கருவியைப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குச் செய்வதை நாம் பார்க்கிறோம். 741 என்னும் ஆப்-ஆம்ப் சில்லு ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று. தொட்டி காலியாக இருந்தும் விளக்கு மங்கலாக எரிகிறது. சில்லு கெட்டுவிட்டதென்று இன்னொரு 741 வாங்கக் காசு கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அதுவும் அப்படித்தான் எரியும்!

காரணம் இதுதான். சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் தங்கள் வேலைக்கென்று கொஞ்சம் வோல்ட்டைப் பிடித்துக்கொள்கின்றன. 741இல் மேலே ஏறக்குறைய 1 முதல் 2 வோல்ட், கீழேயும் அவ்வளவே. ஆகவே வெளியீடு 9ஐத் தொடாது. சுழிக்கும் இறங்காது, 2 வோல்ட் அளவில் நின்றுவிடும். சிவப்பு எல்.ஈ.டி. மினுங்க அதுவே போதும்.

விளக்கோடு இரண்டு சிலிக்கான் டயோடுகளைத் தொடராக இணைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 0.6 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், விளக்கு அணையும். தொட்டி நிரம்பும்போது 7 வோல்ட் வருவதால் நன்றாகவே எரியும்.

புதிதாக வாங்குவோர் எல்.எம். 358 கேளுங்கள். அது சுழிக்கு மிக அருகே இறங்கும். மேலே மட்டும் ஒன்றரை வோல்ட் குறையும். கால்களின் வரிசை வேறு. 741 இருந்த இடத்தில் அப்படியே செருகாதீர்கள்.