சாலைக்கு ஏற்ற வில்

பெங்களூரில் ஆஸ்டின் டவுனை ஒட்டி நீலசந்திரா என்றொரு பகுதி உண்டு. தமிழ் பேசும் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. வீடுகள் நெருக்கமானவை, தெருக்கள் குறுகலானவை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால், ஒன்று பின்னே போய்த்தான் மற்றதற்கு வழிவிட வேண்டும். அத்தகைய தெரு ஒன்றுக்குள் என் தமக்கையின் மகன் ஒரு நாள், இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிவந்து நிறுத்தினான். நான்கு ஆண்டுச் சேமிப்பு அது. தெருப்பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்கோ ஒரே ஒரு குறை. "மாமா, வண்டி உயரமாக நிற்கிறது. இன்னும் தாழ்த்தி, ஸ்பிரிங்கையும் இறுக்கமாக்கிவிட்டால் திருப்பங்களில் ஒட்டிக்கொண்டு போகும்" என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. யாரோ ஒரு பட்டறையில் முன்பக்கத்துச் சுருள்வில்லில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். செலவு சொற்பம். வண்டியும் தாழ்ந்தது. மூன்று வாரம் கழித்து, மழை பெய்த ஓர் இரவில், சாலைக் குழி ஒன்றில் முன்சக்கரம் இறங்கியபோது வெட்டுப்பட்ட வில் தன் இருக்கையை விட்டு நழுவியது. ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. கார் குறுக்கே திரும்பி, பூக்கூடையோடு நின்றிருந்த ஒரு மூதாட்டிக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆயினும் அன்றிரவு அவன் உண்ணவில்லை.

மறுநாள் காலையில் சில நிறுவனங்களின் விளக்கக் கையேடுகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். "இவற்றில் எதை வாங்குவது? நீங்கள் மொழிபெயர்ப்பாளர்தானே, படித்துச் சொல்லுங்கள்" என்றான். படித்தேன். அகராதி அங்கே அதிகம் உதவவில்லை. கொஞ்சம் கணக்குத்தான் உதவியது. அந்தக் கணக்கை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சஸ்பென்ஷன் என்று நாம் சொல்லும் அமைப்புக்கு இரண்டு கடமைகள் உண்டு. உள்ளே இருப்பவரை அலுங்காமல் கொண்டுசெல்வது ஒன்று. டயரைத் தரையோடு இடைவிடாமல் அழுத்தி வைத்திருப்பது மற்றொன்று. முதலாவதை எல்லாரும் அறிவர், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். இத்தகைய நான்கு உள்ளங்கைகளை நம்பியே கார் ஓடுகிறது, திரும்புகிறது, நிற்கிறது. மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளி ஒரு கணம் தரையை விட்டால், அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஆகவே இறுக்கமான வில்தான் நல்ல பிடிப்பைத் தரும் என்பது வழவழப்பான சாலையில் மட்டுமே மெய். கரடுமுரடான சாலையில் அதுவே பிடிப்பைக் கெடுக்கும்.

வில்லின் இறுக்கத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு. காரின் எடை ஏறியதும் வில் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். 16 சென்டிமீட்டர் அமுங்கினால், கார் நொடிக்கு ஒன்றேகால் தடவை மேலும் கீழும் ஆடும் இயல்புடையது. சாதாரணக் குடும்பக் கார்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒட்டியவை. 4 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால், ஆட்டம் நொடிக்கு இரண்டரை தடவை ஆகும். அது பந்தயக் காரின் இயல்பு. சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் இவ்விரண்டுக்கும் இடையே, குடும்பக் காரின் பக்கமாகச் சற்றே சாய்ந்து நிற்பதுதான் நலம்.

கம்பி சிறிது தடித்தாலும் வில்லின் இறுக்கம் பெரிதும் மாறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டர் கம்பியில் அதே அளவான சுருள் செய்தால், இறுக்கம் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு கூடிவிடும். வேலை செய்யும் சுற்றுகள் ஆறில் ஒன்றை வெட்டினால் இருபது பங்கு கூடும். வெட்டிய முனை தட்டின்மேல் சரியாக உட்காராது என்பது வேறு கேடு. என் மருமகன் கண்ட கேடு அதுதான்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அதிர்ச்சியை ஏற்பது வில்லே. ஏற்ற பின் வில் ஓயாமல் ஆடாதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே புகுந்து செல்கிறது; ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கழிகிறது. ஆகவே இவ்விரண்டும் இணைபிரியாதவை. வில்லின் இறுக்கத்தை நூற்றுக்கு நாற்பத்துநான்கு கூட்டினால், அதே அடக்கம் கிடைக்க ஷாக் அப்சார்பரின் வலிமையும் இருபது பங்கு கூட வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுப் புதிய வில்லை மட்டும் போடுவது, முரட்டுக் குதிரைக்குப் பழைய கடிவாளத்தை மாட்டுவதற்கு ஒப்பாகும். ஒரு வாக்கியத்தில் ஒரு வினைச்சொல்லை மாற்றினால் மற்றச் சொற்களையும் திருத்த வேண்டியிருக்கிறது. என் தொழிலில் நாள்தோறும் காணும் உண்மை இது. காரிலும் அதே நியதிதான்.

இனி, தாழ்த்துவதைப் பற்றிப் பார்ப்போம். கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. இந்த மாற்றம் குறைந்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மையே. எவ்வளவு குறையும்? ஆயிரம் கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடைமையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 150 சென்டிமீட்டர். புவியீர்ப்பில் ஐந்தில் மூன்று பங்கு விசையோடு அது திரும்பினால், 200 கிலோ சுமை இடம் மாறும். காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 188 கிலோ மாறும். ஆதாயம் 12 கிலோ. வில்லை எவ்வளவு இறுக்கினாலும் இந்த மொத்தச் சுமை மாற்றம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். கார் சாயும் கோணம் குறையும், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே சுமை பங்கிடப்படும் விதம் மாறும், அவ்வளவே.

இழப்பு என்ன? சக்கரம் மேலே எழ 8 சென்டிமீட்டர் இடம் இருந்தது என்று வையுங்கள். தாழ்த்திய பின் 5தான் மிஞ்சும். முன்பு தாங்கிய அதே குலுக்கலை அந்த 5 சென்டிமீட்டருக்குள் தாங்க வேண்டுமானால், வில்லின் இறுக்கம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆக வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு குழியிலும் அமைப்பு அடிவரை இடிக்கும்.

இவ்விடத்தில் நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த விதிப்படி, வளைமுக வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். வண்டி செல்லும் திசையில் அதன் அகலம் 3.7 மீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர் உள்ள கார் அதன்மேல் ஏறும்போது, இரு சக்கரங்களும் மேட்டின்மேலேயே நிற்கின்றன. ஆதலால் வயிற்றுப்பகுதியை நோக்கி மேடு எழுவது நான்கரை சென்டிமீட்டருக்கும் குறைவே. 12 சென்டிமீட்டர் தரை இடைவெளியுள்ள ஸ்போர்ட்ஸ் கார் எளிதாகக் கடந்துவிடும். தாழ்த்தி 9 ஆக்கினாலும் கடந்துவிடும்.

ஆனால் நம் தெருக்களில் அந்த விதிப்படி அமைந்த வேகத்தடைகள் எத்தனை? ஒரு முழ அகலத்தில், அதே 10 சென்டிமீட்டர் உயரத்தில் எழுப்பிய மேடுகளே மிகுதி. அவற்றைக் கடக்கும்போது முன்சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிவிடும். பின்சக்கரம் இன்னும் ஏறியிராது. மேட்டின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு எதிரே நிற்கும். 12 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் 2 மிஞ்சும். 9 ஆக இருந்தால் எண்ணெய்த் தொட்டியோ புகைக்குழாயோ உரசும். 12 கிலோ ஆதாயத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

"பந்தயக்காரர்கள் எல்லாரும் தாழ்த்துகிறார்களே, மாமா" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953இல் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், அவர்கள் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே அமைந்தது. பெங்களூரில் சிபானி நிறுவனம் 1980களில் செய்த டால்பின் என்னும் கண்ணாடியிழை உடல் கொண்ட சிறுகாரும் சோழவரத்தில் ஓடிப் புகழ் பெற்றது. அத்தகைய பந்தயத் தளத்தில் வேகத்தடை ஏது? மாடு குறுக்கே வருமா? பந்தயம் முடிந்ததும் காரை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடலாம். நாமோ நீலசந்திராவிலிருந்து புறப்பட்டு, குழிகளும் மேடுகளும் கடந்து, ஓசூர் சாலையை அடைந்து, 2010இல் திறந்த எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறினால்தான் பத்துக் கிலோமீட்டர் சமதளம் காண்கிறோம். அந்தப் பத்துக் கிலோமீட்டருக்காக மற்றச் சாலைகளை எல்லாம் மறந்துவிடலாமா?

அப்படியானால் ஒன்றுமே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், வரிசை தவறாமல் செய்ய வேண்டும்.

முதலில், தேய்ந்தவற்றை மாற்றுங்கள். ரப்பர் புஷ்கள், பால் ஜாயின்டுகள், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றைச் சோதியுங்கள். பழைய கார் தள்ளாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வில் அன்று, இவையே. அடுத்து, நல்ல டயர்களைப் போட்டு, காற்றழுத்தத்தைச் சரியாக வைத்து, வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு படிகளிலேயே பலருக்கு ஆசை தீர்ந்துவிடும்.

தீராதவர்கள் அந்தக் குறிப்பிட்ட காருக்கென்றே செய்யப்பட்ட வில்லையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தொகுப்பாக வாங்கலாம். கோனி, பில்ஸ்டீன் போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. பெங்களூரில் உதிரிப்பொருள் என்றால் ஜே.சி. சாலை நினைவுக்கு வரும். அங்கே போனாலும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், பெட்டியின்மேல் உள்ள எண் உங்கள் காரின் மாதிரிக்கும் ஆண்டுக்கும் உரியதா என்று ஒத்துப் பாருங்கள். உயரத்தைத் திருகி மாற்றும் வகையை வாங்கினால், மிகத் தாழ்ந்த நிலைதான் சிறந்தது என்று எண்ணாதீர்கள்.

கார் திருப்பத்தில் சாய்வதுதான் உறுத்துகிறதென்றால், ஆன்டி ரோல் பார் என்னும் முறுக்குக் கம்பியைச் சற்றுத் தடிப்பானதாக மாற்றலாம். அதிலும் எச்சரிக்கை தேவை. முன்பக்கத்தில் மட்டும் மிகுதியாகத் தடித்தால் கார் திரும்ப மறுக்கும். பின்பக்கத்தில் மட்டும் மிகுதியானால் மழைநாளில் கார் சுழன்றுவிடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களினின்றும் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆதலின் பணம் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது அறிவுடைமை.

என் மருமகன் என்ன செய்தான்? வெட்டிய வில்லைக் கழற்றி எறிந்தான். காரோடு வந்த அளவிலேயே புதிய விற்களும், புதிய ஷாக் அப்சார்பர்களும், ரப்பர்களும், நான்கு டயர்களும் போட்டான். கார் பழைய உயரத்திலேயே நிற்கிறது. சென்ற வாரம் என்னை ஏற்றிக்கொண்டு ஓசூர் வரை போய்வந்தான். திருப்பங்களில் கார் சொன்னபடி கேட்டது. தெருமுனை வேகத்தடையையும் உரசாமல் கடந்தது. அம்மேட்டருகே கூடையோடு அமர்ந்திருந்த அதே மூதாட்டியைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் இரண்டு முழம் பூ வாங்கிவந்தான். பூவை என் மடியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தான்.

நேயர்களே, காருக்கு வில் தேர்ந்தெடுக்கும்போது காரை மட்டும் பார்க்காதீர்கள். அது நாள்தோறும் ஓட வேண்டிய சாலையைப் பாருங்கள். அந்தச் சாலையின் ஓரத்தில் நிற்பவர்களையும் பாருங்கள்.