முன்சீஃபாகத் தொடங்கிய பாத்திமா பீவி

(டிரஸ்டின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





நீதிபதி பாத்திமா பீவி அம்மையார் 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராக இருந்தவர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகம் சொல்லாமல் விடுகிற வருடங்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

1927-இல் பத்தனம்திட்டாவில் பிறந்தார். ராவுத்தர் குடும்பம். தந்தையார் மீரா சாஹிப் அரசு ஊழியர். மகளுக்கு வேதியியல் படிக்க ஆசை. பி.எஸ்ஸி. முடித்ததும் "சட்டம் படி" என்று சொன்னவர் தந்தைதான். அதே திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்ற பெண்மணி 1937-லேயே முன்சீஃப் ஆகியிருந்தார். அவரைப் பார்த்து, 'நம் மகளும் ஆகலாமே' என்று ஒரு முஸ்லிம் தகப்பன் அன்றைக்கே நினைத்திருக்கிறார். அதை நான் பலமுறை யோசித்துப் பார்த்ததுண்டு.

1950-இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம், தங்கப் பதக்கம். அவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்கும் உடனே நாற்காலி கிடைத்துவிடவில்லை. கொல்லத்தில் முக்காட்டோடு வக்கீல் தொழில். 1958-இல்தான் முன்சீஃப் பதவி. அடுத்த படியான சப்-ஜட்ஜ் ஆக பத்து வருடம். 1972-இல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974-இல் மாவட்ட நீதிபதி. உயர் நீதிமன்றம் ஏறியது 1983-இல். 1989-இல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தபோது வயது 62.

முன்சீஃப் கோர்ட் என்பது என்ன? வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கைமாற்றுக் கடன், வாடகை பாக்கி. உயர் நீதிமன்றம் பெரும்பாலும் காகிதத்தைத்தான் பார்க்கும். சாட்சியின் முகத்தைப் பார்ப்பவர் விசாரணை நீதிபதி. ஏழையின் வழக்கு பல நேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மேல்முறையீட்டுக்குப் போக அவன் கையில் காசு இருக்காது. அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார், எப்படிக் கேட்கிறார் என்பதில்தான் அவன் வீடும் நிலமும் இருக்கின்றன.

நம் வீடுகளில் டாக்டர், இன்ஜினியர் என்று சொல்லும் அளவுக்கு 'ஜட்ஜ்' என்று சொல்வதில்லை. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், பிளஸ் டூ முடிந்ததும் வரன் பேச்சு. வரன் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. படிப்பை ஏன் நிறுத்த வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு சட்டப் படிப்பு இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு. பிறகு சிவில் நீதிபதி பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. இன்று உதவித்தொகை வாங்க வந்த பிள்ளைகளில் சட்டம் படிக்க விருப்பமுள்ளவர்கள், முக்கியமாக அவர்களுடைய வாப்பாமார்கள், தொழுகை முடிந்ததும் என்னைப் பாருங்கள். விண்ணப்பம் எழுத உட்கார்ந்து உதவுகிறேன், இன்ஷா அல்லாஹ்.