விற்ற காரும் விடாத பெயரும்



மெட்ரிகுலேஷனோடு நின்ற இரயில்வே குமாஸ்தா நான்; சட்டம் கற்றவனல்லேன். பட்டறிந்ததையே சொல்ல வந்தேன்.

காட்பாடிப் பக்கத்திலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் மாற்றலாகி வந்த நம்மவர் சிலர் தமிழ்நாட்டு எண்ணுள்ள காரையே இன்னும் ஓட்டுகின்றனர். பன்னிரண்டு மாதத்திற்குமேல் இங்கு வைத்திருப்பின், அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, ஆந்திர எண் வாங்கி, இங்கு வரி செலுத்துதல் வேண்டும். அங்குக் கட்டிய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்திற்குரியதைத் திரும்பக் கேட்கலாம்.

விற்கும்போதுதான் பெரிதும் இடர்ப்படுகிறோம். என் பழைய காரை விற்றபோது, 29ஆம் படிவத்தில் ஒப்பமிட்டு, வாங்கியவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சேர்ப்பிக்கவில்லை. ஐந்து திங்கள் கழித்து, நான் கண்டறியாத ஊரில் அக்கார் செய்த பிழைக்கு என் பெயரில் அபராத அறிவிப்பு வந்தது. அபராதம் போகட்டும், ஓர் உயிர் போயிருந்தால்? பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. இன்ஷூரன்சும் காலாவதியாகியிருந்தால், என் சேமநிதி முழுவதையும் கொட்டினாலும் நட்டஈட்டிற்குப் போதாது. அன்றிரவு வீட்டில் எவரும் உறங்கவில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். அதைப் பிறரிடம் விடலாகாது. வாங்கியவரும் அதே 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெயர் மாற்றக் கோரவேண்டும்.

இன்னொன்று. நட்டஈடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் போனஸ் காரைச் சேர்ந்ததன்று, நம்மைச் சேர்ந்தது. சொந்தச் சேதத்திற்குரிய பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை குறையும். விற்றபின் கம்பெனியிடம் சான்று பெற்று, மூன்றாண்டுகளுக்குள் புதுக்காருக்குப் பயன்படுத்தலாம். நான் அதையும் கேட்கவில்லை. என் இல்லாள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.