உளவியல் ஆய்வும் எம் வீட்டு விண்ணப்பமும்
(ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில் நிலையத்துச் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர் நாம். முனைவர் பட்டத்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் செயலாளர் விடவில்லை. "உம் மகள் அலைந்த அலைச்சலைச் சொன்னாலே போதும். பின்னால் வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும்" என்றார். அதனால்தான் துணிந்து நிற்கிறோம்.

உளவியல் நம் நாட்டிற்குப் புதிய கல்வி அன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இலேயே அதற்கெனத் துறை தொடங்கிற்று. 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய துறைக்குத் தலைமை தாங்கியவர் எம். வி. கோபாலசுவாமி. இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர். 1935இல் மைசூரில் தம் இல்லத்திலேயே ஆகாசவாணி என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கியவரும் அவரே. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது. இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் அறிவது அதன் வழிவந்ததே. மாரிகுப்பத்தில் காலை வண்டி ஏறினால் மதியத்திற்குள் அங்கே போய்ச் சேரலாம். ஆனால் தங்கவயலில் நாம் அதைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று மட்டுமே அறிந்திருந்தோம். அங்கே நம் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்யவும் போகலாம் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும், வசதி படைத்தோர் நீங்கலாகப் பிற்படுத்தப்பட்டோர்க்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நம்மில் பலருக்கு இச்சலுகை பொருந்தும்; சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடி ஓடாதீர்கள். 2024 முதல் நெட் தேர்வு முனைவர் சேர்க்கைக்கும் வழியாயிற்று. உதவித்தொகைத் தகுதி பெறாதவர்க்கு அவ்வழியில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 பங்கு, நேர்முகத்திற்கு 30 பங்கு; அந்த மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். மற்றொன்று: முனைவர் பட்டம் பெற்றுவிட்டால் மனநோயாளருக்குச் சிகிச்சை செய்யலாம் என்று நாமும் நம்பியிருந்தோம். அது தவறு. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற பயிற்சியும் பதிவும் தனியே வேண்டும்.

எம் மகளின் முதல் விண்ணப்பம் வீணாயிற்று. கட்டணம் செலுத்தினாள், தேர்விலும் தேறினாள். அதன் பின்னரே அவள் பொருளில் வழிகாட்டும் எவரிடத்தும் இடம் இல்லை என்றார்கள். பேராசிரியர் ஒருவர் ஒரு காலத்தில் எட்டு மாணவர்க்கும், இணைப்பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது என்பது விதி. இடம் உண்டா என்று கேட்டறிந்த பிறகே சீட்டு எடுக்க வேண்டும் என்பதை ஊருக்கெல்லாம் சொல்லும் நாம், வீட்டில் சொல்லத் தவறினோம்!

இரண்டாம் முறை வேறோர் இடத்தில் நேர்முகம் வரை சென்றாள். கைப்பேசியும் கல்லூரி மாணவரும் என்பது அவள் கொண்டுசென்ற ஆய்வுப் பொருள். வெளிநாட்டு வினாத்தாளை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தாள். "இதை நீங்கள் ஏன் ஆராய வேண்டும்?" என்று ஒருவர் வினவினாராம். அவளிடம் விடை இல்லை. அன்று இரவு வண்டியில் இறங்கி வந்தவள் நம்மிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

சில நாள் கழித்து ஒரு நூலைக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றோர் ஊர். அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டது. மரீ யஹோடா என்னும் இளம் உளவியலாளரும் அவர் தோழர்களும் அவ்வூர் மக்களை ஆராய்ந்து 1933இல் வெளியிட்ட நூல் அது. வேலை இழந்தவர்க்கு ஓய்வு பெருகிற்று. ஆனால் நூலகத்தில் நூல் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆடவர் நடை பெண்டிர் நடையினும் மெதுவாகிவிட்டது. இவ்விடத்தில் அவள் நிறுத்தி, "அப்பா, தாத்தா நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றாள்.

பார்த்திருக்கிறோம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபோது எம் தந்தையாருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்ட சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்தவர். சங்கு ஊதும் முன்பே தெருமுனை கடந்துவிடுபவர், அதன் பின் அதே தெருவில் வேலிக்கு வேலி நின்று நின்று போனார். முதுமை என்று நாம் நினைத்திருந்தோம்.

இதையே ஆய்வுப் பொருளாக்கப் போகிறேன் என்றாள். நமக்குச் சினம் வந்தது. வீட்டுத் துயரத்தை விண்ணப்பத்தில் எழுதி இடம் வாங்குவதா என்று கடிந்தோம். அவளும் விடவில்லை. "பாறை வெடிப்பை ஆராய நம் ஊரிலேயே நிறுவனம் அமைத்தார்கள். அதன் கீழ் நின்ற மனிதரை ஆராய்ந்தால் மட்டும் குற்றமா?" என்றாள். ஆய்வுக்கு உட்படுவோரிடம் எழுத்தில் இசைவு பெற வேண்டும், பெயரை மறைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும் என்றும் விளக்கினாள். நாம் இணங்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

மூன்றாம் நாள் எம் தந்தையாரே பேசினார். "டோக்கன் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் இறங்குவோம். இவளும் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு இறங்கட்டும். உனக்கென்ன?" என்றார். பிறகு அவளை அருகே அழைத்து, தம்மோடு வேலை செய்தவருள் உயிரோடு இருப்போர் யார் யார், எந்தெந்த லைனில் இருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். பதினேழு பெயர்கள். அவற்றுள் நாலைந்து நாமே அறியாதவை.

இம்முறை வழிகாட்டிக்கு முன்னரே எழுதி, இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகம் அடுத்த மாதம். அந்தப் பழைய வினாவை மீண்டும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறாள். முதல் வண்டிக்குப் போக வேண்டும். தாத்தாவும் நிலையம் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நடைக்கு அரை மணி முன்னதாகவே புறப்பட வேண்டும்.